கடல் தெரிந்த ஆள்

தூத்துக்குடியிலிருந்து வந்த கடிதத்தில் மூன்றே வரிகள். படம் சரியில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கடல் தெரிந்த ஆள் ஒருவரை அனுப்பவும். மற்றவை நேரில்.

எங்கள் பிரஸ் முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அச்சுக் கல் தேய்க்கிறவர்கள், மிஷினில் நிற்கிறவர்கள், தாள் அடுக்குகிறவர்கள் என்று இருபது பேர் இருந்தோம். எல்லோரும் சிவகாசி, ஆமத்தூர், தாயில்பட்டிக்காரர்கள். எங்களில் கண்மாய் தெரிந்தவர்கள் உண்டு. அந்தக் கண்மாயும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் நிறையும். கடலைப் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை.

படத்தை வரைந்தவன் நான். பதினோரு வருஷம் தீப்பெட்டி லேபிள் போட்டவன். மயில், கிளி, சாவி, தராசு எல்லாம் வரைந்திருக்கிறேன், ஆனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்த சிங்கம் ஒன்றை நான் வரைந்ததில்லை. முதல் முதலாக ஒரு காலண்டர் கைக்கு வந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பாய்மரத் தோணி விடுகிற சூசை முதலாளியின் ஆர்டர். விரித்த பாயோடு ஒரு தோணி, அடியில் கடல், மேலே வானம், இதுதான் படம். ஒரு வெளிநாட்டு பிஸ்கட் டப்பாவின் மூடியை எதிரே வைத்துக்கொண்டு கடலை வரைந்தேன். வர்ணத்துக்கு ஒரு கல்லாக ஏழு கல்லில் ஏற்றி, மாதிரிக்கு இரண்டு தாள் அடித்து ஒன்றை அனுப்பியிருந்தோம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

"நீலந்தாம்லே தப்பாயிருக்கும்" என்றார் அண்ணாச்சி. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அது கொஞ்சம் தீப்பெட்டி நீலம்தான். ஆர்டர் கைவிட்டுப் போனால் நான் திரும்ப லேபிளுக்கே போய்விட வேண்டியதுதான் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அன்று திங்கட்கிழமை. மூன்று நாளில் நான் கடல் தெரிந்த ஆளாக வேண்டும். பஸ்ஸில் போனால் தாள் கசங்கும், கரையோரம் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, சூசை முதலாளி வீட்டு வாசலுக்குப் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து போனால் கம்பெனிக்கு மதிப்பில்லை என்று அண்ணாச்சியே காரணங்களை அடுக்கினார். கடைசியில், "விருதுநகர் போயி ஒரு பிளஷர் கார் பேசிட்டு வா" என்றார். பிரஸ்ஸே ஒரு நிமிஷம் நின்றது. நயா பைசா புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் கார் ஏறினவர்கள் கல்யாண மாப்பிள்ளைகள் மட்டும்தான்.

விருதுநகர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நான்கு கார்கள் நின்றன. அவற்றில் பெரியது ஒரு கறுப்பு வண்டி. அதன் டிரைவர் வேலுச்சாமி, காக்கி உடுப்பும் வாய் நிறைய வெற்றிலையுமாக, எங்கே, எத்தனை நாள் என்றெல்லாம் கேட்கவில்லை. முதலில் என் சட்டைப் பக்கம் மூக்கை நீட்டினார். மண்ணெண்ணெயும் மசியும் கலந்த வாடை அடித்திருக்கும்.

"சிவகாசியா? வெடி ஏத்துவீகளா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சிவகாசிக்காரர்கள் வெளியூர் போனால் வெறுங்கையோடு போகமாட்டோம் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். போன தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போன ஒருவர் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கூடை சரவெடியை ஒளித்து வைத்துக்கொண்டு வந்தாராம். அதன்மேல் உட்கார்ந்துதான் வேலுச்சாமி வழி நெடுக பீடி குடித்திருக்கிறார். விஷயம் தெரிந்த பிறகு ஒரு மாதம் பீடியே பிடிக்கவில்லையாம். ஒரு மத்தாப்புக் குச்சிகூட ஏற்ற மாட்டேன் என்று எங்கள் மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வெற்றிலை பாக்கை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். கார் பேசி முடிந்தது.

கடற்கரை எல்லாம் தெரியுமா என்று கேட்டேன். நூறு தடவை போயிருக்கிறாராம். பிறகு, ரேடியேட்டருக்கு நாலு டின் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுங்கள் என்றார். கடலுக்குப் போகத் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

கார் பேசிய செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. காலி சீட்டோடு கார் போவது எங்கள் ஊரில் பாவம். அத்தை மகன், எதிர்வீட்டு வாத்தியார், பக்கத்துத் தெருத் தையல்காரர் என்று ஏழு பேர் வந்து விசாரித்தார்கள். என் மனைவி லெட்சுமி புளியோதரை கிளறிக் கட்ட ஆரம்பித்தாள். அவள் வருகிறாளா என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. புதன்கிழமை விடிந்தபோது பின்சீட்டில் அவள்தான் முதலில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணாச்சி, பிரஸ்ஸில் மற்றவர்களுக்கு அடித்த காலண்டர் கட்டு ஒன்றும், கூடவே ஒரு பெட்டி கம்பி மத்தாப்பும் கொண்டுவந்தார். முதலாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்றார். வேலுச்சாமி இறங்கிப் போய் எங்கள் தெருமுனை வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டார். அரைமணி நேரம் பேசியும் பயனில்லை. மத்தாப்பு கடைசியில் அண்ணாச்சியோடு வீட்டுக்குத் திரும்பியது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

சாத்தூரில் சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு லெட்சுமி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். எட்டயபுரம் தாண்டி வண்டி கொதித்து நின்றது. மூடியைத் திறந்ததும் ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பியது. நாலு டின் தண்ணீரையும் அது குடித்துவிட்டு இன்னும் கேட்டது. கரிசல் காட்டுக்குள் நடந்து ஒரு ஊர்க் கிணற்றடிக்குப் போனோம். தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், காருக்கா தண்ணீர் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லெட்சுமிதான் கயிற்றை வாங்கி இறைத்தாள். எங்கள் ஊரிலும் அதே ஆழம், அதே கயிறு. முக்கால் குடம் தந்து அனுப்பினார்கள்.

தூத்துக்குடியை நெருங்கும்போது வெயிலில் கண் கூசியது. சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக ஏதோ கிடந்தது. உப்பளம் என்றார் வேலுச்சாமி. நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எங்கள் வீட்டில் ஒரு ஜாடி உப்பு மூன்று மாதம் வரும். இங்கே வீடு உயரத்துக்கு உப்பு, வானம் முடிகிற இடம் வரைக்கும் உப்பு. பாத்திகளில் தேங்கிய தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பை நான் வரைந்திருந்தால் அண்ணாச்சி என்னைக் கல்லோடு வெளியே தள்ளியிருப்பார்.

ஊருக்குள் நிற்காமல் போகச் சொன்னேன். கடல் தெரியாத நிலையில் சூசை முதலாளியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சீட்டில் சரிந்து உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்ததே இல்லை என்று லெட்சுமி ஞாபகப்படுத்தினாள்.

திருச்செந்தூர் போய்ச் சேரும்போது மாலை நாலு மணி. கோவிலைச் சுற்றிக்கொண்டு போனோம். முதலில் சத்தம்தான் கேட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எந்த வெடிக் கம்பெனியில் என்ன ஆயிற்றோ என்று எல்லோரும் தெருவுக்கு ஓடிவருவார்கள். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டை போட்ட தலைகளோடு ஜனங்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். சுவர் ஓரம் திரும்பியதும் அது இருந்தது.

என்ன சொல்ல? நான் தயாராகத்தான் போயிருந்தேன். பெரிதாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பெரிது என்கிற சொல்லை அன்றோடு நான் சும்மா எடுத்துப் பேசுவதில்லை. பார்க்கப் பார்க்கக் கழுத்துதான் திரும்பியது, அது முடியவில்லை. தொடுவானம் மட்டும் நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மாதிரியே இருந்தது. அந்த மட்டுக்கும் ஒரு திருப்தி.

லெட்சுமி செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நேரே இறங்கிப் போனாள். முழங்கால் வரை போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

நான் வேலைக்கு வந்தவன். கண்ணாடிப் பலகையை மணலில் வைத்தேன். மசி டப்பாக்களைத் திறந்து, கத்தியால் நீலத்தை எடுத்துக் கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக் குழைத்து, விரல் நுனியால் தாளில் தட்டினேன். பிரஸ்ஸில் அப்படித்தான் வர்ணம் பார்ப்போம். மாதிரிப் படத்துக்குப் பக்கத்தில் தட்டி, இரண்டும் ஒன்றானால் சரி. தட்டிவிட்டு நிமிர்ந்தேன். கடல் வேறாக இருந்தது. ஒரு மேகம் வந்திருந்தது. கறுப்புச் சேர்த்தேன். மேகம் போய்விட்டது. கரைப் பக்கம் பார்த்தால் மண் நிறம், நடுவில் பச்சை, தூரத்தில் ஸ்லேட்டு. வெள்ளையைக் கூட்டினேன், பச்சையைக் கூட்டினேன். இருட்டுவதற்குள் பத்தொன்பது தட்டுத் தட்டியிருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் சரியாக இருந்தது.

போதாததற்கு தாள் துவண்டுபோனது. எங்கள் ஊர்க் காற்றில் தாள் அப்பளம் மாதிரி விறைப்பாக நிற்கும். ஈரமில்லாத ஊர் என்பதால்தான் அச்சும் வெடியும் அங்கே பிழைக்கின்றன. இங்கே அரைமணி நேரத்தில் தாளின் நாலு மூலையும் தொங்கிவிட்டன. லெட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான் படுகிற பாட்டுக்கு ஒரு வழி சொன்னாள். கலரை எதற்குக் கலக்க வேண்டும், கடலையே எடுத்துக்கொண்டு போய் சூசை முதலாளியிடம் காட்டினால் ஆயிற்று என்றாள். சொல்லிவிட்டுப் புளியோதரைக்கு ஊறுகாய் கொண்டுவந்த கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி, கடலில் முக்கி, மூடி போட்டாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றைக்கு என் நிலைமை அப்படி.

வேலுச்சாமி காரைவிட்டு இறங்கவே இல்லை. நூறு தடவை வந்தவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடி துடைத்தார். உப்புக் காற்று வண்டிக்கு ஆகாதாம்.

மறுநாள் காலையில் நாழிக்கிணற்றில் குளித்தோம். கடலிலிருந்து நாலு எட்டு வைத்தால் படி இறங்கிப் போகிற கிணறு. உள்ளே ஒரு சின்னக் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. வாயில் வைத்தால் உப்பில்லை. லெட்சுமி இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டு அப்படியே நின்றாள். எங்கள் தெருக் குழாயடியில் விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிறவள். கடலின் மடியிலேயே நல்ல தண்ணீர் இருக்கிறது என்பது அவளுக்கு எப்படியோ ஆகிவிட்டது. கண் கலங்கியிருந்தது. நான் கவனிக்காத மாதிரி தலையைத் துவட்டினேன்.

அன்று மணப்பாடு போனோம். வழியில் தேரிக்காடு. ரத்தச் சிவப்பில் மணல், மேடு மேடாக, பனைமரங்களைக் கழுத்து வரை மூடிக்கொண்டு கிடந்தது. காற்றடித்தால் மேடு இடம் மாறுமாம். நேற்று சாலைக்கு அந்தப் பக்கம் இருந்ததாம் ஒரு மேடு, இன்று சாலையின்மேல் இருந்தது. வண்டி அதில் இறங்கி உட்கார்ந்தது. பனையேறிகள் இரண்டு பேர் வந்து ஓலை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளிவிட்டார்கள். பிறகு பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். கடல் பார்க்க என்றேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணல்குன்று, அதன் தலையில் ஒரு மாதாகோவில். ஏறி நின்றால் இடமும் கடல், வலமும் கடல், முன்னாலும் கடல். ஒரு பக்கம் அலை அடித்து நுரைக்கிறது. மறுபக்கம் ஆடாமல் பச்சையாகக் கிடக்கிறது. ஒரே ஊரில், ஒரே நேரத்தில் இரண்டு கடல். நான் மசி டப்பாவைத் திறக்கவில்லை. திறந்து என்ன செய்ய? நாளை வெள்ளிக்கிழமை. இருபதாவது தட்டும் பொய்யாகப் போகும் என்று தெரிந்துவிட்டது. லேபிளுக்குத் திரும்பிப் போய் மயில் வரைவதாக மனத்தளவில் ஒப்புக்கொண்டேன். வருத்தமாக இருந்தாலும் அந்த இடத்தில் நின்றுகொண்டு அதிகம் வருத்தப்பட முடியவில்லை. அவ்வளவு அழகு.

கடைசியாக ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று, நான் கொண்டுவந்திருந்த இன்னொரு மாதிரித் தாளை விரித்து இரண்டு கையாலும் கடலுக்கு நேரே பிடித்தேன். காற்று அதை முதுகுப் பக்கமாகப் பிடித்து இழுத்தது. தாள் படபடத்தது. லெட்சுமியின் முந்தானை முழு நீளத்துக்கும் விரிந்து பறந்தது. கீழே காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வேலுச்சாமியின் துண்டு தோளைவிட்டுக் கிளம்பியது. தூரத்தில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. அதன் பாய் வயிறு புடைத்திருந்தது. மேலே ஒரு சின்னக் கொடி. முந்தானை, துண்டு, பாய், கொடி எல்லாம் ஒரே பக்கம்.

தாளைப் பார்த்தேன். என் தோணியின் பாய் வலப் பக்கம் புடைத்திருந்தது. கொடி இடப் பக்கம் பறந்தது.

எப்படி அப்படிப் போட்டேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வலப் பக்க வானத்தில் சூசை முதலாளியின் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கொடிக்கு அங்கே இடமில்லை. இடப் பக்க வானம் சும்மா கிடந்தது. தூக்கி அங்கே போட்டேன். படம் நிறைவாக இருக்கிறது என்று அண்ணாச்சியும் சொன்னார். இருபது பேர் பார்த்தோம், ஒருவருக்கும் உறுத்தவில்லை. உறுத்தாது. பிரஸ்ஸில் காயப்போட்ட தாள் பறந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்துவோம். வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கும்போது காற்று கிளம்பினால் வேலையை நிறுத்திவிடுவார்கள். காற்று என்றால் எங்களுக்குச் சாத்தி வைக்க வேண்டிய ஒன்று. அதற்கு ஒரு திசை உண்டு என்று யார் யோசித்தார்கள்?

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லெட்சுமியிடம் காட்டினேன். அவளும் சிரித்தாள். நீலத்தில் தப்பே இல்லை, கொடிதான் தப்பு. ஒரு விரல் அகலம். கீழே ஓடி வந்து வேலுச்சாமியைக் கட்டிப்பிடிக்காத குறை. அவர் மட்டும், இந்தக் கொடிக்கா இம்புட்டு தூரம் என்று கேட்டார்.

அன்று இரவு தூத்துக்குடிச் சத்திரத்தில் நிம்மதியாகத் தூங்கினேன். வெள்ளிக்கிழமை காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, லெட்சுமியோடும் காலண்டர் கட்டோடும் சூசை முதலாளியின் வீட்டு வாசலில் காரில் போய் இறங்கினேன். அண்ணாச்சி விரும்பிய மாதிரியே கதவை வேலுச்சாமி திறந்துவிட்டார்.

கடலைப் பார்த்த வீடு. ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. சூசை முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, அதிகம் பேசாத முகம். சுவரில் என் படம் ஆணியில் தொங்கியது. ஆனால் படம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வெறும் முதுகுதான் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அவ்வளவு மோசமாகவா வரைந்துவிட்டேன்?

"கடல் தெரிஞ்ச ஆளு நீங்கதானா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம்தான் தெரிந்துகொண்டேன் என்றேன். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அதில் எனக்குத் தைரியம் வந்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை எடுத்துவிட்டேன்.

"தப்பு எங்கன இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன் முதலாளி. பாய் ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம். நம்ம தோணிக்கு மட்டும் ரெண்டு காத்து."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டார்.

"அது தப்பில்ல தம்பி. அப்படி ஒரு நேரம் உண்டு."

பிறகு மெதுவாகச் சொன்னார். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், அவருடைய தம்பி கொழும்பிலிருந்து தோணியில் திரும்பிக்கொண்டிருந்தார். காற்று மாறுகிற மாதம். திடீரென்று எதிர்க்காற்று கிளம்பினால் முதலில் உச்சிக் கொடிதான் திரும்புமாம். பாய் அடுத்த நொடிதான். அந்த ஒரு நொடியில் பாயை இறக்கிவிட்டால் பிழைக்கலாம். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். அன்று தப்பித்து வந்தவர் அந்தத் தண்டல் ஒருவர்தான். தம்பி அண்ணாந்து பார்த்து, கொடி திரும்புது என்று கத்தினாராம். அதற்குமேல் தண்டலுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"தண்டல் சொன்னது எங்க அம்மாவுக்கு அம்புட்டும் மனப்பாடம்" என்றார். "உங்க படத்தை ஆசையா விரிச்சோம். பாத்தாக. ஒண்ணும் பேசல. உள்ள போயி உக்காந்துட்டாக. நாந்தான் திருப்பி மாட்டினேன். இதை எப்படித் தம்பி கடுதாசியில எழுத? கடல் தெரிஞ்ச ஆளுன்னா நான் சொல்லாமலே புரியும்னு நெனச்சேன்."

அந்த நிமிஷம் எனக்கு என் சிரிப்பே திரும்பக் கேட்டது. இருந்த இடத்திலேயே மண்ணாகப் போயிருக்கலாம் போல இருந்தது. அவருடைய தம்பி கடைசியாகப் பார்த்ததை வரைந்து, அதன்மேல் அவர்கள் வீட்டுப் பெயரையும் பெரிய எழுத்தில் போட்டு, வருஷம் முழுக்க மாட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். இடம் காலியாக இருந்தது என்பதற்காக.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு, இங்கேயே திருத்தித் தருகிறேன், ஆனால் வலப் பக்கம் கம்பெனிப் பெயர் இருக்கிறதே என்றேன்.

"பேரை எடுத்துருங்க. கொடி பறக்கட்டும்" என்றார்.

படத்தை இறக்கித் தரையில் விரித்தேன். லெட்சுமி இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டாள். பழக்கத்தில், ஜன்னலைச் சாத்தச் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கத்தி நுனியால் கொடியைச் சுரண்டி எடுத்தேன். பெயரின்மேல் வெள்ளை மசியில் துளி நீலம் குழைத்து மூடினேன். அந்தப் பயணத்தில் கலந்த நீலத்தில் அது ஒன்றுதான் உபயோகப்பட்டது. பிறகு சிவப்பைத் தொட்டுக்கொண்டு ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தேன். அது கடல் காற்றில் உள்பக்கமாகப் புடைத்து, ஓரம் மட்டும் படபடத்தது. அதைப் பார்த்தே கொடியைப் போட்டேன். பாய் போகிற பக்கம்.

முதலாளி உள்ளே போய் அவருடைய அம்மாவை அழைத்து வந்தார். சின்ன உருவம், வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. அவர்கள் வந்து நின்று, முதலில் தோணியைப் பார்க்கவில்லை. நேரே உச்சியைத்தான் பார்த்தார்கள். குனிந்து கொடியை ஒரு விரலால் தொட்டார்கள். மசி காயவில்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"இனிமே கரைக்கு வந்துரும்" என்றார்கள்.

லெட்சுமி மூலையை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவர்கள்தான் அவள் தலையைத் தடவி, சாப்பிடாமல் போகக் கூடாது என்று உள்ளே கூட்டிப் போனார்கள். சோறும் மீன்குழம்பும், பிறகு முந்திரி மக்ரூனும் சாப்பிட்டோம். வேலுச்சாமிக்கும் இலை போட்டார்கள். படம் நேராக, முகம் தெரிய ஆணியில் தொங்கியது.

திரும்பும் வழியில் வண்டி இரண்டு முறை கொதித்தது. ஊர் எல்லையில் தாமாகவே வேலுச்சாமி பீடியை அணைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் அண்ணாச்சி மேஜைமேல் லெட்சுமியின் பாட்டிலை வைத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். தண்ணீர், தண்ணீராகத்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் மணல் தங்கியிருந்தது.

"இதுல நீலம் எங்கலே?"

நீலத்தை மாற்ற வேண்டாம் என்றேன். கொடியை மட்டும் வலப் பக்கம் திருப்ப வேண்டும், கம்பெனிப் பெயரை எடுத்துவிட வேண்டும், ஆர்டர் நமக்குத்தான்.

அண்ணாச்சி பாட்டிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று நாள், பிளஷர் கார், விருதுநகர் டிரைவர்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு கொடியின் சிவப்பை ஏற்றிய கல்லின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.